பிழைக் குறியீடு காட்டுவது மின்சுற்றை, உதிரிபாகத்தை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயன்படுத்தப்பட்ட எக்ஸ்கவேட்டர்களை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். செயின் தேய்மானம், சிலிண்டர் கசிவு, பூம் எனப்படும் பெரிய கையின் அடியில் இணைப்புப் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையிலான ஆட்டம், சுழல் பேரிங்கின் தளர்வு என இரும்பைப் பற்றி அதில் சொல்லப்பட்டவை அனைத்தும் சரியே. ஆனால் மின்னமைப்புக்கு வரும்போது, கேபினில் உள்ள மானிட்டரில் பிழைக் குறியீடு தோன்றினால் அது குறிப்பிடும் சென்சாரை மாற்றிவிட்டால் போதும் என்ற ஒரே வாக்கியத்தோடு கட்டுரை நகர்ந்துவிட்டது. கனரக இயந்திரங்களின் மின்பழுதுகளைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்த வாக்கியம் தவறானது என்பதையும், அதை நம்பிச் செயல்படும் உரிமையாளர் நல்ல பாகங்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழுதை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ள நேரும் என்பதையும் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இயந்திரத்தை இயக்கும் கணினிப் பெட்டியான கன்ட்ரோலர் நேரடியாக அறிவது, தன் கனெக்டரின் குறிப்பிட்ட ஒரு முனையில் எத்தனை வோல்ட் இருக்கிறது, எவ்வளவு மின்னோட்டம் செல்கிறது என்பதை மட்டுமே. சென்சாருக்கும் அந்த முனைக்கும் இடையே பல மீட்டர் வயர், ஒன்றுக்கு மேற்பட்ட கனெக்டர்கள், பிற சென்சார்களோடு பகிர்ந்துகொள்ளப்படும் 5 வோல்ட் இணைப்பு, எர்த் இணைப்பு ஆகியவை இருக்கின்றன. இவற்றுள் எது கெட்டாலும் அந்த முனையில் இருக்க வேண்டிய அளவு மாறிவிடும். கன்ட்ரோலரும் அதே குறியீட்டைத்தான் பதிவு செய்யும். ஆகவே குறியீட்டில் ஒரு சென்சாரின் பெயர் வருவதாலேயே அந்தச் சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. அந்தச் சென்சார் அமைந்துள்ள மின்சுற்றிலோ, அது அளக்கும் அளவிலோ எங்கோ குறை இருக்கிறது என்பதற்கு மேல் அக்குறியீடு எதையும் சொல்வதில்லை.

குறியீட்டை முழுமையாகப் படிக்காமல் விடுவதும் இக்குழப்பத்துக்கு ஒரு காரணம். கனரக இயந்திரங்களின் டீசல் எஞ்சின்களில் கன்ட்ரோலர்களிடையே தகவல் பரிமாறப் பரவலாகப் பின்பற்றப்படும் எஸ்.ஏ.இ. ஜே1939 தரமுறையில், ஒரு பிழை இரண்டு எண்களால் குறிக்கப்படுகிறது. எஸ்.பி.என். எனப்படும் முதல் எண், எந்த அளவீடு அல்லது எந்த உறுப்பு சம்பந்தப்பட்டது என்பதைச் சொல்கிறது, எஃப்.எம்.ஐ. எனப்படும் இரண்டாவது எண், அதில் எவ்வகைக் கோளாறு காணப்பட்டது என்பதைச் சொல்கிறது. பலர் முதல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போய்விடுகிறார்கள். வழிகாட்ட வேண்டிய இரண்டாவது எண்ணை யாரும் கவனிப்பதில்லை. எஸ்.பி.என். 100 என்பது எஞ்சின் ஆயில் அழுத்தம். அதோடு எஃப்.எம்.ஐ. 1 வந்தால், சென்சாரின் சுற்று ஒழுங்காக வேலை செய்கிறது, அது தெரிவிக்கும் அழுத்தம்தான் அபாயகரமாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். எஞ்சினை உடனே நிறுத்தி, தனி அழுத்தமானியைப் பொருத்தி உண்மை அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். அதே 100 உடன் 3 வந்தால் மின்னழுத்தம் இருக்க வேண்டியதைவிட அதிகம் என்றும், 4 வந்தால் குறைவு என்றும் பொருள்; இவை இரண்டும் பெரும்பாலும் வயர், கனெக்டர், சென்சார் சார்ந்தவை. 5 என்றால் மின்னோட்டம் குறைவு அல்லது சுற்று அறுந்திருக்கிறது. 6 என்றால் மின்னோட்டம் அதிகம் அல்லது எர்த்தோடு ஷார்ட். 2 என்றால் வரும் தகவல் நிலையில்லாமல் தாறுமாறாக இருக்கிறது. ஒரே எஸ்.பி.என். எண்ணின் கீழ் ஒன்று எஞ்சினையே இழக்கச் செய்யக்கூடிய எச்சரிக்கையாகவும், மற்றொன்று களிம்பேறிய ஒரு கனெக்டராகவும் இருக்கக்கூடும் என்னும்போது, இரண்டாவது எண்ணைப் படிக்காமல் எடுக்கும் எந்த முடிவும் வெறும் ஊகம்தான். எல்லா இயந்திரங்களும் இந்த இரு எண்களையே காட்டும் என்பதில்லை. கேட்டர்பில்லரின் பல இயந்திரங்கள் சி.ஐ.டி. என்ற தம் சொந்த எண்ணோடு எஃப்.எம்.ஐ. எண்ணைச் சேர்த்துக் காட்டுகின்றன. தத்தமக்கென்று தனி எண்முறை வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. அந்தந்த இயந்திரத்தின் சர்வீஸ் கையேட்டைப் பார்க்காமல், வேறு மாடலின் பட்டியலை வைத்துக்கொண்டு பொருள் சொல்வது கூடாது.

சென்சார் குற்றவாளியா, வயர் குற்றவாளியா என்பதை எந்தப் பாகமும் வாங்காமலேயே கண்டறிய முடியும் என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தால் பலருக்குப் பயன்பட்டிருக்கும். கூலன்ட் வெப்பநிலைச் சென்சாரை எடுத்துக்கொள்வோம். அது இரண்டே வயர் கொண்டது; வெப்பம் கூடக் கூட அதன் மின்தடை குறையும். அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டால் கன்ட்ரோலர் மிக அதிக மின்னழுத்தத்தைக் காணும். மானிட்டரில் கடுங்குளிர் அளவு தெரியும் அல்லது எஃப்.எம்.ஐ. 3 தோன்றும். வயர்ப் பக்கத்து இரு முனைகளையும் சிறு வயரால் இணைத்தால் மின்னழுத்தம் அடியோடு விழுந்து எஃப்.எம்.ஐ. 4 தோன்றும். இவ்விரு மாற்றங்களும் ஒழுங்காக நிகழ்ந்தால் வயரும் கன்ட்ரோலரும் வேலை செய்கின்றன, சந்தேகம் சென்சாரின் மேல்தான் என்று உறுதியோடு சொல்லலாம். கழற்றினாலும் இணைத்தாலும் குறியீடு மாறவே இல்லையென்றால், புதிய சென்சார் வாங்கிப் போட்டாலும் அது மாறாது. இந்த இணைப்புச் சோதனையை இரு வயர் கொண்ட வெப்பநிலைச் சென்சார்களில் மட்டுமே செய்ய வேண்டும். மூன்று வயர் கொண்ட அழுத்தச் சென்சார்களில் எந்த முனை எது என்று தெரியாமல் இணைத்தால் 5 வோல்ட் இணைப்பை எர்த்தோடு ஷார்ட் செய்துவிடும் அபாயம் உண்டு.

அந்த 5 வோல்ட் இணைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பழைய இயந்திரங்களில் அநியாயமாகக் கன்ட்ரோலர்கள் மாற்றப்படுவதற்கு நான் கண்ட காரணங்களுள் முதன்மையானது அதுவே. அழுத்தச் சென்சார்கள் பலவற்றுக்குக் கன்ட்ரோலர் தன் உள்ளிருந்தே 5 வோல்ட் கொடுக்கிறது. ஒரே 5 வோல்ட் இணைப்பைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்வதும் வழக்கம். சென்சார் திருப்பி அனுப்பும் சிக்னல் பொதுவாக 0.5 வோல்ட்டுக்கும் 4.5 வோல்ட்டுக்கும் இடையில் இருக்கும். பகிர்ந்துகொள்ளப்படும் அந்த வயர் ஏதோ ஓரிடத்தில் உரசி எஞ்சின் உடலைத் தொட்டால், அதில் இணைந்துள்ள எல்லாச் சென்சார்களும் ஒரே நேரத்தில் தவறான அளவைத் தரும். அண்மையில் என்னிடம் வந்த ஓர் இயந்திரத்தில் ஆயில் அழுத்தம், டர்போ அழுத்தம், எரிபொருள் அழுத்தம் ஆகிய மூன்றுக்கும் ஒரே நேரத்தில் குறியீடுகள் இருந்தன. மூன்று சென்சார்களும் ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டன. குறியீடுகள் அப்படியே இருந்ததால் கன்ட்ரோலரையே மாற்ற வேண்டும் என்று உரிமையாளரிடம் சொல்லப்பட்டிருந்தது. 5 வோல்ட் இருக்க வேண்டிய முனையில் அளந்தபோது 1 வோல்ட் கூட இல்லை. சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தும் அது உயரவில்லை; எனவே கோளாறு சென்சார்களில் இல்லை, வயரிலோ கன்ட்ரோலரிலோதான் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. வயரை முதலில் பார்த்தேன். எஞ்சினின் பின்புறம் வயர்க்கட்டைப் பிடித்திருந்த கிளாம்ப் கழன்றுபோய், கட்டு ஒரு பிராக்கெட்டின் விளிம்பில் உரசி, அந்த ஒரு வயரின் தோல் அறுந்து செம்பு தெரிந்தது. அதைச் சரிசெய்து, உறை போட்டு, கிளாம்பை மீண்டும் பொருத்தியதும் மூன்று குறியீடுகளும் ஒருசேர விலகின. ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் பல குறியீடுகள் ஒரே கணத்தில் வந்தால், அவை அனைத்துக்கும் பொதுவாக உள்ள ஃபியூஸ், எர்த், 5 வோல்ட் இணைப்பு ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; மூன்று சென்சார்கள் ஒரே நாளில் சேர்ந்தே கெடுவது மிக அரிது.

புதிய இயந்திரத்தைவிடப் பயன்படுத்தப்பட்ட இயந்திரத்தில் இந்த எச்சரிக்கை பல மடங்கு தேவைப்படுகிறது. பல கைகள் மாறி வந்த இயந்திரத்தில், தொழிற்சாலை வரைபடத்தில் இல்லாத பல மாற்றங்கள் குடியேறியிருக்கும். கூடுதல் விளக்குக்காக எங்கோ ஒரு வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றியிருப்பார்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸைப் போட்டிருப்பார்கள். கேபின் தரைக்கு அடியிலும் இருக்கைக்குப் பின்னாலும் எலி கடித்த வயர்கள் இருக்கும். அழுத்த நீரால் எஞ்சினைக் கழுவியதில் ரப்பர் சீல் பிதுங்கிய கனெக்டருக்குள் நீர் இறங்கி முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். பேட்டரியையும் கன்ட்ரோலரையும் இணைப்பிலிருந்து விடுவிக்காமல் பூமிலோ சேஸியிலோ வெல்டிங் செய்ததன் பாதிப்பும் உள்ளே இருக்கக்கூடும். இவற்றுள் பலரும் எண்ணிப் பார்க்காதது பெயிண்ட். விற்பனைக்கு முன் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிப் புதுப்பெயிண்ட் அடிக்கும்போது, எர்த் வயரின் வளையம் அமரும் இடத்திலும் பெயிண்ட் படிந்துவிடுகிறது. அதன் மேலேயே போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். பார்வைக்கு இயந்திரம் பளபளவென்று இருக்கும். எர்த் மின்னோட்டமோ போல்ட்டின் மரைகள் வழியே மட்டும் திணறிச் செல்லும். விளக்குகளும் ஏ.சி.யும் சேர்ந்து ஓடும்போது மட்டும் தோன்றி மறையும் குறியீடுகளுக்கு இது முக்கியமான ஒரு காரணம்.

ஆகவே எந்தக் குறியீடாக இருந்தாலும், குறிப்பிட்ட சென்சாரின் பக்கம் போவதற்கு முன் பேட்டரி, சார்ஜிங், எர்த் ஆகிய மூன்றையும் அளந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலான நடுத்தர, பெரிய எக்ஸ்கவேட்டர்களில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடர் இணைப்பில் 24 வோல்ட் தருகின்றன. எஞ்சின் ஓடாதபோது, நிறைவாகச் சார்ஜ் ஆன நிலையில், இரண்டும் சேர்ந்து சுமார் 25 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். எஞ்சின் ஓடும்போது சுமார் 27.5 முதல் 28.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். மொத்தத்தை மட்டும் அளந்து நிறுத்திவிடாமல் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே அளக்க வேண்டும். வானொலிக்கோ கைப்பேசிச் சார்ஜருக்கோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருந்தால், அந்தப் பேட்டரி எப்போதும் குறைவான சார்ஜிலும் மற்றது அளவுக்கு மீறிய சார்ஜிலும் கிடந்து இரண்டுமே விரைவில் கெடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்னழுத்தம் சுமார் 18 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால், சில கன்ட்ரோலர்கள் அந்த நொடியில் செயலிழந்து மீண்டும் தொடங்குகின்றன. மற்ற கன்ட்ரோலர்கள் அதைத் தகவல் தொடர்பு துண்டிப்பு என்று பதிவு செய்துகொள்கின்றன. நலிந்த பேட்டரி ஒன்று இவ்வாறு நெட்வொர்க் பழுதாக உருமாறித் தோன்றுகிறது. ஆல்டர்னேட்டரின் உள்ளிருக்கும் டையோடு கெட்டாலும் இப்படித்தான்: டி.சி. அளவு ஏறத்தாழச் சரியாகவே தெரியும், மீட்டரை மாறுமின்னோட்ட (ஏ.சி.) நிலைக்கு மாற்றி அளந்தால்தான் அந்த டி.சி.யின் மேல் அளவுக்கு மீறி ஏறி இறங்கும் சிற்றலை தெரியவரும்.

எர்த்தைச் சோதிக்க ஓம் மீட்டர் போதாது. எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகள், ஏ.சி. அனைத்தையும் போட்டுவிட்டு, வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். பின்னர் பிளாக்குக்குப் பதிலாகக் கேபினின் எர்த் புள்ளி, கன்ட்ரோலரின் எர்த் முனை என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் தெரிந்தால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. பல இழைகள் கொண்ட வயரில் ஒரே ஓர் இழை மட்டும் அறாமல் இருந்தாலும் ஓம் மீட்டர் அதை நல்ல வயர் என்றே சொல்லும். ஏனெனில் அது செலுத்தும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. சுமை ஏற்றிப் பார்க்கும்போதுதான் குறை வெளிப்படும். மின்னோட்டத்தால் வால்வை இயக்கும் காயிலான சோலனாய்டுக்கோ மெயின் சப்ளைக்கோ செல்லும் வயரில் இப்படிப்பட்ட ஐயம் வந்தால், வயரை இரு முனையிலும் கழற்றிவிட்டு, ஃபியூஸ் வழியாக அதற்கு மின்சாரம் கொடுத்து, அதன் வழியே 21 வாட் பல்பு ஒன்றை எரியவிட்டுப் பார்ப்பது எளிய சோதனை. பல்பு மங்கினால் வயர் நம்பத்தக்கதன்று. கன்ட்ரோலர் இணைந்திருக்கும் நிலையில் மட்டும் இந்தப் பல்புச் சோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது.

கன்ட்ரோலர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் நெட்வொர்க்கைப் பற்றிய குறியீடுகள் வந்தால் பல மெக்கானிக்குகள் கைவிரித்துவிடுகிறார்கள். உண்மையில் இதற்கான முதல் சோதனை மற்ற எல்லாவற்றையும்விட எளிது. ஜே1939 நெட்வொர்க், கேன் ஹை, கேன் லோ என்ற முறுக்கப்பட்ட இரு வயர்களாலானது; அதன் இரு கடைசிகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று பொருத்தப்பட்டிருக்கும். சாவியை அணைத்து, பேட்டரி இணைப்பை விலக்கிவிட்டு, ஸ்கேனரை இணைக்கும் டயக்னாஸ்டிக் கனெக்டரில் இந்த இரு வயர்களுக்கும் இடையே அளந்தால் சுமார் 60 ஓம் வர வேண்டும். கனரக இயந்திரங்களில் பரவலாக உள்ள வட்டமான 9 முனைக் கனெக்டரில் சி, டி என்ற முனைகள் இவற்றுக்கு உரியவை. 120 ஓம் வந்தால் ஒரு கடைசி மின்தடை இல்லை அல்லது நடுவே வயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரு வயர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. 40 ஓம் வந்தால் யாரோ தேவையில்லாமல் மூன்றாவது மின்தடையைச் சேர்த்திருக்கிறார்கள். பின்னர் மின்சாரம் கொடுத்து ஒவ்வொரு வயரையும் எர்த்தோடு ஒப்பிட்டு அளந்தால், கேன் ஹை 2.5 வோல்ட்டுக்குச் சற்று மேலும் கேன் லோ சற்றுக் கீழும் நிற்க வேண்டும். அப்படி நில்லாவிட்டால், நெட்வொர்க்கில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்து, எதைக் கழற்றியபோது அளவு சரியாகிறது என்று பார்க்கலாம். இதற்கு விலையுயர்ந்த கணினி எதுவும் தேவையில்லை. ஒரு நல்ல மல்டிமீட்டரும் வயரிங் வரைபடமும் போதும்.

ஹைட்ராலிக் பம்ப்பைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு சார்ந்த குறியீடுகளும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. கன்ட்ரோலர் பம்ப்புக்கு அனுப்பும் மின்னோட்டத்தை மாற்றி மாற்றி எஞ்சின் தாங்கும் அளவுக்குப் பம்ப்பின் சுமையை வைத்திருக்கிறது. அந்தச் சுற்று அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ இயந்திரம் மிக மந்தமாகிவிடும், அல்லது சுமை ஏறும்போது எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிடும். பம்ப் போய்விட்டது என்று உடனே அதைக் கழற்றுவதற்கு முன், சோலனாய்டு காயிலின் மின்தடையை அளந்து, கையேட்டில் உள்ள அளவோடோ அதே இயந்திரத்தில் உள்ள அதே வகையான மற்றொரு காயிலோடோ ஒப்பிட வேண்டும். செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும் என்பதால், 20 பாகையில் அளந்ததைவிட 80 பாகையில் ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாக இருப்பது இயல்பே; குளிர்ந்த காயிலையும் சூடான காயிலையும் ஒப்பிட்டு ஒன்று கெட்டது என்று சொல்லக் கூடாது. வாங்குவோர் இங்கே மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட பழுது வரும்போது வேலை அடியோடு நின்றுவிடாமலிருக்க, பல இயந்திரங்களில் பம்ப்புக்கு ஒரு நிலையான மின்னோட்டத்தை நேரடியாகக் கொடுக்கும் அவசர ஸ்விட்ச் ஒன்று இருக்கும். அது தற்காலிகப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது. ஆனால் விற்பனைக்கு வரும் இயந்திரங்கள் சிலவற்றில் அந்த ஸ்விட்ச் நிரந்தரமாகப் போடப்பட்ட நிலையிலேயே இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஓட்டிப் பார்க்கும் சில நிமிடங்களில் இயந்திரம் நன்றாகத்தான் வேலை செய்யும். ஆகவே அந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்டறிந்து, அது இயல்பு நிலையில் இருக்கும்போது சோதித்துப் பார்ப்பது அவசியம்.

விற்பனைக்கு முன் குறியீடுகளை அழித்துவிடுவது எளிது என்பதையும் கட்டுரை சுட்டிக்காட்டியிருக்க வேண்டும். குறியீடுகள் தற்போது செயலில் உள்ளவை, முன்பு தோன்றி மறைந்தவை என இரு வகைப்படும். பழுது நீடிக்கும்வரை செயலில் உள்ள குறியீட்டை நிரந்தரமாக அழிக்க முடியாது. ஆனால் எஞ்சின் சூடேறிய பின் அல்லது குறிப்பிட்ட சுமையில் மட்டும் தோன்றும் பழுதின் குறியீட்டை அழித்துவிட்டால், அந்தச் சூழ்நிலை மீண்டும் வரும்வரை மானிட்டர் தூய்மையாகவே தெரியும். எனவே குளிர்ந்த நிலையில் தொடங்கி, ஹைட்ராலிக் ஆயில் முழுச் சூட்டுக்கு வந்து வேலை செய்யும்வரை இயந்திரத்தைப் பார்த்தே ஆக வேண்டும். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் அனைத்தும் ஒருமுறை எரிந்து அணைகின்றனவா என்று பார்க்க வேண்டும். எரியவே எரியாத விளக்கு, பழுதில்லாத இயந்திரத்துக்குச் சான்றாகாது. பல கன்ட்ரோலர்கள் ஒவ்வொரு குறியீடும் எத்தனை முறை தோன்றியது, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தபோது தோன்றியது என்பதையும் சேர்த்தே பதிவு செய்கின்றன. எஞ்சின் கன்ட்ரோலரில் உள்ள மணிக்கணக்கும் கேபின் மானிட்டர் காட்டும் மணிக்கணக்கும் வெகுவாக வேறுபட்டால், இரண்டில் ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது அல்லது திருத்தப்பட்டிருக்கிறது. அதற்கு விற்பவரிடமிருந்து எழுத்து மூலமான விளக்கம் கேட்பதில் தவறேதும் இல்லை. மானிட்டர் 6,000 மணி என்று காட்டும்போது, 9,000 மணியில் தோன்றியதாக ஒரு பழைய குறியீடு நினைவகத்தில் இருந்தால், அந்த இயந்திரத்தின் தேய்மானத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட எதையும் அப்படியே ஏற்க முடியாது. பழுது பார்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எந்தக் குறியீட்டையும் அழிப்பதற்கு முன் அனைத்தையும் எழுதியோ படமெடுத்தோ வைத்துக்கொள்ளுங்கள். அழித்த பின் மீண்டும் வருபவை எவை, வராதவை எவை என்ற ஒப்பீடே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

வந்து வந்து மறையும் பழுதுதான் இவை எல்லாவற்றிலும் பொறுமையைச் சோதிப்பது. மீட்டரைக் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளைப் பதிவு செய்யும் நிலையில் வைத்துவிட்டு, ஒருவர் பூமை மெதுவாக ஏற்றி இறக்க, மற்றவர் பாதுகாப்பான தொலைவில் நின்று அளவைக் கவனிக்க வேண்டும். பூம் அடியில் வளைந்து நிமிரும் வயர்களில் உள்ள முறிவு இப்படித்தான் பிடிபடும். பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, ஹைட்ராலிக்கைப் பூட்டும் நெம்புகோலைப் பூட்டு நிலையில் வைத்த பின்னரே வயர்க்கட்டைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். வயரின் தோலில் ஊசி குத்தி அளக்கும் பழக்கத்தை அறவே கைவிட வேண்டும். இன்று குத்திய துளையின் வழியே நாளை ஈரம் புகுந்து, வெளியே தெரியாமல் செம்பை அரித்துவிடும். கனெக்டரின் துளைக்குள் தடித்த மீட்டர் முனையைத் திணிப்பதும் அதே அளவு தீங்கானது. விரிந்துபோன துளை அதன் பிறகு முனையை இறுகப் பற்றாது, முன்பு இல்லாத ஒரு புதிய பழுது நம் கையாலேயே உருவாகிவிடும். ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் செல்லும் காமன் ரெயில் எஞ்சின்களில் இன்ஜெக்டர் வயர்களில் வரும் மின்னழுத்தம் பேட்டரியினுடையதைவிட மிக அதிகமாக இருக்கும் என்பதால், எஞ்சின் ஓடும்போது அவற்றைத் தொடவே கூடாது.

இத்தனை சோதனைகளுக்கும் அடிப்படையாக இருப்பது வயரிங் வரைபடம். எந்த முனையிலிருந்து எந்த வயர் எங்கே செல்கிறது என்று தெரியாமல் யாரும் எதையும் அளக்க முடியாது. அளக்க முடியாதபோதுதான் மாற்றிப் பார்ப்போம் என்ற எண்ணம் தலைதூக்குகிறது. இயந்திரம் கைமாறும்போது பதிவு ஆவணங்களைப் போலவே சர்வீஸ் கையேடும் வரைபடமும் கூடவே கைமாற வேண்டும். முந்தைய உரிமையாளர் சேர்த்த வயர்கள், மாற்றிய கன்ட்ரோலர், அகற்றிய பாகங்கள் ஆகியவை ஒரு தாளிலாவது எழுதித் தரப்பட வேண்டும். தயாரிப்பு நிறுவனங்கள் பழைய மாடல்களின் வரைபடங்களை அந்த இயந்திரத்தின் இன்றைய உரிமையாளர் கேட்டால் தயங்காமல் கொடுக்க வேண்டும். தொழிற்பயிற்சி தருவோரும், ஸ்கேனரை இணைத்துக் குறியீட்டைப் படிக்கக் கற்பிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தக் குறியீட்டுக்குரிய சுற்றை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து சென்று, ஒவ்வொரு முனையிலும் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று மீட்டரைத் தொடுவதற்கு முன்பே எழுதி வைக்கும் பழக்கத்தை மாணவர்களுக்கு ஏற்படுத்த வேண்டும். எதிர்பார்க்கும் அளவு எது என்று தெரியாமல் எடுக்கும் அளவீட்டால் எந்த முடிவுக்கும் வர இயலாது.

கன்ட்ரோலர் ஒருபோதும் கெடாது என்று நான் சொல்லவில்லை. தவறான வெல்டிங்காலும், நீர் புகுந்ததாலும், பேட்டரியைத் தலைகீழாக இணைத்ததாலும் அவை கெடுகின்றன. ஆனால் அதன் எல்லா சப்ளை முனைகளிலும் சுமையோடு சரியான மின்னழுத்தம் இருக்கிறது, எல்லா எர்த் முனைகளும் நன்றாக இருக்கின்றன, உள்ளே வரும் சிக்னல்கள் சரியாக இருக்கின்றன, அப்படியிருந்தும் வெளியே போக வேண்டியது போகவில்லை என்று அளந்து காட்டிய பிறகே அதைக் குற்றம் சாட்ட வேண்டும். அப்போதும் வேறோர் இயந்திரத்திலிருந்து கழற்றிய கன்ட்ரோலரை அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியன்று. மாடலுக்கும் எஞ்சினுக்கும் ஏற்ற மென்பொருளும் அமைப்புகளும் அதில் இல்லையென்றால் புதிய குறியீடுகள் தோன்றிப் பழையதை மறைத்துவிடும்.

தங்கள் நாளிதழின் கட்டுரையைப் படித்துப் பழைய இயந்திரம் வாங்கத் திட்டமிட்டிருப்போர் பலர் இருப்பார்கள். அவர்களுக்காக, குறியீடு வந்தால் சென்சாரை மாற்றலாம் என்ற அந்த வாக்கியத்துக்குத் திருத்தம் ஒன்றை வெளியிட்டு, அதில் பேட்டரி, எர்த், 5 வோல்ட் இணைப்பு, கனெக்டர் ஆகியவற்றை அளந்த பின்னரே பாகத்தை மாற்ற வேண்டும் என்பதையும், வாங்கும்போது வயரிங் வரைபடத்தையும் பதிவான குறியீடுகளின் பட்டியலையும் விற்பவரிடம் கேட்டுப் பெற வேண்டும் என்பதையும் சேர்க்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கனரக இயந்திர மின்பழுது நீக்கும் தொழிலாளி